நன்றியுரைக்கு நாலு ஜிபி

"பீ...ப்" என்று நீளமாகக் கத்தியது சுப்புராயன் வீட்டுக் கம்ப்யூட்டர். கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடியும் "பீ...ப்" என்றது. திரையில் ஒன்றும் வரவில்லை.

"இன்னாங்க, கூடத்துல லாரி ரிவர்ஸ் எடுக்குறாப்புல சத்தம் வருது?" என்று அடுப்படியிலிருந்து கேட்டாள் அவர் மனைவி கண்ணகி.

"புது ரேம் போட்டிருக்கேன். அதான் பேசுது."

"இன்னா சொல்லுதாம்?"

சுப்புராயன் வெறுந்திரையையே முறைத்தார். அன்று மாலை பொன்னி நகர் குடியிருப்போர் நலச் சங்கத்தின் ஆண்டு விழா. கடைசி நிகழ்ச்சி, வழக்கம்போல, அவருடைய நன்றியுரை. அந்த உரை மொத்தமும் அந்தக் கம்ப்யூட்டருக்குள் இருந்தது. வேறெங்கும் இல்லை. பென் டிரைவ் என்பது கருத்துத் திருடர்களுக்கு வசதியாகச் செய்யப்பட்ட சாமான் என்பது அவர் கொள்கை.

அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர் சுப்புராயன். ஓய்வுக்குப் பிறகு கண்காணிக்க ஆள் கிடைக்காததால் நன்றி சொல்ல ஆரம்பித்தார். வெறும் பெயரைச் சொல்லி நன்றி சொல்வது அவருக்குப் பிடிக்காது. ஒவ்வொருவருக்கும் ஒரு பட்டம் வேண்டும். தண்ணீர்த் தொட்டி கழுவுகிறவர் 'தூய்மைச் செம்மல்'. மைக்செட் கட்டுகிறவர் 'ஒலி வேந்தர்'. ஆண்டுதோறும் பெயர்கள் சேருமே தவிர, ஒரு பெயரும் கழியாது. இறந்துபோனவர்களுக்கும் நன்றி உண்டு. அவர்கள் பெயருக்கு முன்னால் 'அமரர்' சேர்த்துக்கொள்வார், அவ்வளவுதான்.

இத்தனை பெயர்களுக்கு நடுவே போன வருடம் ஒன்று விட்டுப்போயிற்று. பந்தல்காரர் ராமசாமி. நாற்காலி அத்தனையும் அவருடையவை. அன்றிலிருந்து சுப்புராயன் எதிரே வந்தால் ராமசாமி தெருவின் அந்தப் பக்கம் போய்விடுகிறார். இருவரும் ஒரே பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள். சுப்புராயனுக்கு அது உள்ளுக்குள் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது. இந்த முறை ராமசாமிக்கு இரண்டு பட்டங்கள் எழுதி வைத்திருந்தார்.

கோப்புதான் பருத்துவிட்டது. அதைத் திறக்கச் சொல்லிவிட்டுப் போய்க் குளித்துவிட்டு வந்தாலும் பாதிதான் திறந்திருக்கும். சென்னையில் வேலை பார்க்கும் மகன் கலையரசன், "ரேம் கம்மிப்பா, ஒரு நாலு ஜிபி வாங்கிப் போடு" என்று சொல்லியிருந்தான். வாங்கிப் போட்டதன் விளைவுதான் இந்த லாரிச் சத்தம்.

மகனுக்கே போன் போட்டார்.

"கழட்டி மாட்டும்போது டக்குனு சத்தம் வந்துச்சாப்பா?"

"வந்துச்சிடா. எல்லாம் முறைப்படிதான் பண்ணேன்."

"எந்த முறைப்படி?"

"நல்ல நேரம் பாத்து, சந்தனம் குங்குமம் வெச்சி, சூடம் காட்டி..."

"சந்தனத்த எங்க வெச்ச?"

"நெத்தியிலதான்."

"ரேமுக்கு நெத்தி எதுப்பா?"

"தங்கக் கலர்ல பளபளனு ஒரு ஓரம் இருக்குது பாரு, அதான்."

"ஐயோ, அது நெத்தி இல்லப்பா. அதான் காலு. அது வழியாத்தான் கரண்டு போவும். கழட்டி அழிரப்பர் வெச்சி தேய். மீட்டிங் இருக்குது, அப்புறம் பேசறேன்."

வீட்டில் அழிரப்பர் இல்லை. கண்ணகி பக்கத்து வீட்டுப் பிள்ளையின் பென்சில் டப்பாவிலிருந்து ஒன்று வாங்கி வந்தாள். ரோஜா நிறம், மாம்பழ வாசனை. சுப்புராயன் தேய்த்தார். சந்தனம் போயிற்று. அந்த இடத்தில் ரோஜா நிறம் ஒட்டிக்கொண்டது. அதைத் துணியால் துடைத்துவிட்டுத் திரும்ப மாட்டினார். அதே "பீ...ப்"தான் வந்தது. ரேம் சுத்தமாகத்தான் இருந்தது. ஆனால் அதைச் செருகும் பள்ளத்துக்குள் ஏற்கெனவே போய் உட்கார்ந்திருந்த சந்தனம் உட்கார்ந்தபடியே இருந்தது.

"பழசையே போட்டுடுங்களேன்" என்றாள் கண்ணகி.

பழசைப் போட்டார். அதே பள்ளம், அதே சந்தனம். இம்முறை பீப்பும் வரவில்லை.

"பேசுறதையும் நிறுத்திக்கிச்சே" என்றாள்.

"நீ நிறுத்து மொதல்ல."

பள்ளத்தைச் சுத்தம் செய்ய, பரண்மேல் கிடந்த சைக்கிள் பம்ப்பை இறக்கினார். ஒரு கையால் குழாயைப் பிடித்துக்கொண்டு மறு கையால் அடித்தார். காய்ந்த சந்தனம் பள்ளத்தை விட்டுக் கிளம்பி, கம்ப்யூட்டருக்குள் அதுவரை போகாத இடங்களுக்கெல்லாம் போயிற்று. பம்ப்பிலிருந்த பழைய எண்ணெயும் கூடவே போயிற்று. கடைசியில் ஆத்திரத்தில் ரேமைக் கட்டைவிரலால் ஓர் அழுத்து அழுத்தினார். இந்த முறையும் டக்கென்று சத்தம் வந்தது. ரேமைப் பிடித்து வைக்கும் கிளிப் ஒன்று உடைந்து மேசைக்கடியில் ஓடியது.

கம்ப்யூட்டர் மெக்கானிக் வெற்றிவேல் வந்து, டார்ச் அடித்து உள்ளே பார்த்தார். கைகளைக் கூப்பிக் கும்பிட்டார்.

"இன்னா சார் இது, மதர்போர்டு சந்தனக் காப்புல இருக்குது?"

"சாயங்காலத்துக்குள்ள ஆயிடுமா?"

"அபிசேகம் பண்ணாத்தான் தெரியும். கடைக்கு எடுத்துகினு போறேன்." ஆட்டோ சீட்டில் அதைக் குழந்தை மாதிரி உட்கார வைத்துக் கொண்டுபோனார்.

சுப்புராயன் நாட்காட்டித் தாள்களின் பின்பக்கத்தில் உரையை நினைவிலிருந்து எழுத உட்கார்ந்தார். பெயர்கள் வந்தன. பட்டங்களும் வந்தன. எது எவருக்கு என்பதுதான் வரவில்லை. 'எளிமையின் சிகரம்' சங்கத் தலைவர் கொளஞ்சியப்பனா, செயலாளர் தமிழழகனா? மாற்றிச் சொன்னால் சங்கம் இரண்டாகும். 'வள்ளல்' எவர் என்பதில் மூன்று குடும்பங்கள் ஏற்கெனவே பேச்சு வார்த்தையில் இல்லை. ராமசாமிக்கு யோசித்து யோசித்து வைத்த பட்டங்களில் ஒன்றுகூட ஞாபகம் வரவில்லை. தாள்களைக் கசக்கி எறிந்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"அவன் மறுபடியும் மூஞ்சத் திருப்பிகினு போவான் கண்ணகி. இந்த வாட்டி விட்டா ஆயுசுக்கும் பேச மாட்டான்."

அவள் கசங்கிய தாள்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள்.

"நீங்க சாப்புடுங்க. நான் கடை வரைக்கும் போயி பாத்துட்டு வரேன்."

போய் வந்து சொன்னாள்: "தொடச்சிகினே இருக்காரு. பங்ஷன் முடியறதுக்குள்ள ஆவாதாம்."

விழா மேடையில் சுப்புராயன் வெறுங்கையோடு உட்கார்ந்திருந்தார். சிறப்பு விருந்தினர் மலைமேல் இருக்கும் கரியாலூரிலிருந்து வந்த ஓய்வுபெற்ற வனவர். போன வருட விருந்தினர் நன்றியுரை முடிவதற்குள் கடைசி பஸ்ஸை விட்டுவிட்ட கதையை எவரோ அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். வந்ததிலிருந்து கடிகாரத்தையும் மலை இருக்கும் திசையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். பந்தலுக்குப் பின்னால் பிரியாணி அண்டாவைத் திறந்துவிட்டார்கள். வாசனை வந்ததும் கூட்டம் பெருமூச்சு விட்டது. அடுத்து என்ன வரும் என்று எல்லோருக்கும் தெரியும்.

"அடுத்து நன்றியுரை" என்றார் கொளஞ்சியப்பன், இரங்கல் செய்தி வாசிப்பவர்போல.

சுப்புராயன் எழுந்தார். மைக்கைப் பிடித்தார். கூட்டத்தின் ஓரத்தில், கைகளைக் கட்டிக்கொண்டு ராமசாமி நிற்பது தெரிந்தது.

"எழுதி வெச்சது கைவசம் இல்லீங்க" என்றார். "நாக்காலி போட்டவங்க, சமைச்சவங்க, மைக்கு கட்டுனவங்க, வந்தவங்க... எல்லாருக்கும் நன்றி. யாரையாச்சும் விட்டிருந்தா மன்னிச்சிக்குங்க. வேணும்னு விடல. வாங்க, சாப்புடலாம்."

கைதட்டல் கிளம்பியது. பின்வரிசையில் விசில் அடித்தார்கள். கொளஞ்சியப்பன் எழுந்து நின்று தட்டினார். வனவர் ஓடிவந்து இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "நல்லா இருக்கணும் சார் நீங்க" என்றார். அவர் கண்ணில் உண்மையாகவே நீர் இருந்தது.

கீழே இறங்கியதும் ராமசாமி வந்து தோளில் கை போட்டார்.

"நாக்காலி போட்டவங்கன்னு என்னியத்தானடா மொதல்ல சொன்ன? வாடா, பந்திக்குப் போவலாம்."

இத்தனை வருடம் நன்றி சொன்ன சுப்புராயன், முதல் தடவையாக அதை வாங்கிக்கொண்டு நின்றார். பந்தியில் பக்கத்தில் ராமசாமி, எதிர் வரிசையில் மெக்கானிக் வெற்றிவேல்.

"பரவால்ல வெற்றிவேலு" என்றார் சுப்புராயன் பெருந்தன்மையோடு. "கம்ப்யூட்டர் இன்னிக்கி ஆவலன்னா இன்னா. மெதுவா பண்ணு. நான் ஒண்ணும் நெனச்சிக்க மாட்டேன்."

வெற்றிவேல் எலும்பைக் கடித்து முடித்துவிட்டுச் சொன்னார்:

"அது மத்தியானமே ரெடி சார், அக்காதான் கடைக்கு வந்து, 'இப்ப குடுக்காத, அவருக்கு ஒரு தபாவாச்சும் ஜனங்க கை தட்டட்டும்'னு சொல்லிட்டுப் போனாங்க."