தகப்பன் கட்டத்தில் சபேலா

இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்க. என் காபிக்கடைக்கு நேர் எதிரேதான் அந்த ஆபீஸ். சத்தமாகச் சொன்னால் அவர்கள் காதில் விழும். காதில் விழுந்தால் அதற்கும் ஒரு பாரம் பூர்த்தி செய்யச் சொல்வார்கள்.

எங்கள் துறைமுகத்து ஊரில் அதற்குப் பெயர் பிள்ளைப் பராமரிப்புத் தொகை வரவு மற்றும் மேற்பார்வைப் பிரிவு. விவாகரத்து ஆனவர்களில், பிள்ளையைப் பிரிந்திருப்பவர் மாதாமாதம் கொடுக்கிற பணத்தை வாங்கி, பிள்ளை இருக்கிற வீட்டுக்கு அனுப்புவது அவர்கள் வேலை. இத்தனை வருஷமாக அங்கே வந்ததெல்லாம் ஒரே ரகம்: கொடுக்க மனமில்லாத தகப்பன்மார். ஒருத்தன் கை உடைந்தது என்பான், இன்னொருத்தன் படகு முழுகியது என்பான். பணம் வாங்கும் ஜன்னலில் உட்கார்ந்திருக்கும் குமாஸ்தா தோன் பௌலினோ எல்லாவற்றையும் பொறுமையாக எழுதிக்கொள்வார். படகே இல்லாதவன் படகும் அவர் பேரேட்டில் முழுகியிருக்கிறது.

அப்பேர்ப்பட்ட ஆபீஸுக்கு ஒரு திங்கட்கிழமை காலையில் சபேலா வந்தாள். பணம் கட்ட வேண்டும் என்றாள். தொந்தரவு அங்கேதான் ஆரம்பித்தது.

சபேலா விரிகுடாவில் மட்டி வளர்க்கிற மிதவைகளில் வேலை பார்க்கிறவள். அவள் மனைவியாக இருந்த இரியா, மீனை டப்பாவில் அடைக்கிற ஆலையில் இருக்கிறாள். ஒன்பது வருஷம் சேர்ந்து வாழ்ந்தார்கள். கல்யாணத்துக்கு ஊரே வந்தது, விருந்துக்கு எட்டுக்கால் பேய்க்கணவாய் அவித்தது நான்தான். ஆன்தியா என்று ஏழு வயசில் ஒரு பெண். சுமந்து பெற்றவள் இரியா, ராத்திரியெல்லாம் தோளில் போட்டு நடந்தவள் சபேலா. பிறகு மற்றவர்கள் கல்யாணம் எதற்காக உடைகிறதோ அதற்காகவே இதுவும் உடைந்தது. பாத்திரம் யார் கழுவுவது, யாருடைய அம்மா எத்தனை நாள் தங்குவது. ஊருக்குப் பெரிய ஏமாற்றம். இவர்களாவது புதுமாதிரி சண்டை போடுவார்கள் என்று எதிர்பார்த்திருந்தார்கள்.

நீதிபதி தெளிவாகத்தான் எழுதினார். பிள்ளை இரியாவிடம் இருக்கும். சபேலா மாதம் இருநூற்று நாற்பது யூரோ அந்தப் பிரிவின் மூலம் கொடுக்க வேண்டும். ஒரு வாரம் விட்டு ஒரு வாரம், வெள்ளி சாயங்காலம் முதல் ஞாயிறு வரை பிள்ளை சபேலாவிடம். பிரிவின் சீல் வைத்த தாளில் அவள் பெயர் வந்த நாளிலிருந்து இதெல்லாம் நடப்புக்கு வரும்.

"அந்தத் தாள் வராம பிள்ளைய அனுப்பினா, தீர்ப்பை மீறினது நான்தான்னு ஆயிடும்னு என் வக்கீல் சொல்லிட்டார்," என்றாள் இரியா. "எனக்கொண்ணும் ஆசையில்லடி உன்னை அலைய விட. சீக்கிரம் வாங்கிட்டு வா."

சீக்கிரமாம்.

"பிள்ளையோட அப்பா பேரு?" என்று கேட்டார் தோன் பௌலினோ.

"அப்பா இல்லைங்க. ரெண்டு அம்மா."

"ரொம்ப சந்தோஷம். அதுல அப்பா யாரு?"

"ரெண்டு பேருமே அம்மாதாங்க."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கெட்ட மனுஷர் இல்லை. "எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்லம்மா. என் மச்சினி மகனே அந்த மாதிரிதான், தங்கமான பையன். கம்ப்யூட்டருக்குத்தான் ஆட்சேபணை. பணம் கட்டறவங்க கட்டத்துல 'தகப்பன்'னு இருக்கு."

"தாய்னு இருக்கற கட்டத்துல எழுதுங்களேன்."

"அது வாங்கறவங்க கட்டம். அதுல எழுதினா நீங்களும் வாங்கறவங்க ஆயிடுவீங்க. அப்புறம் ரெண்டு பேருக்கும் யாரு குடுக்கறது? தகப்பனைத் தேடி நாங்க ஆள் அனுப்பணும்."

சபேலா யோசித்தாள். "அப்ப என்னையே தகப்பன்னு எழுதிக்குங்க ஐயா. எனக்குப் பொண்ணைப் பாக்கணும். எந்தக் கட்டத்துல நின்னா என்ன?"

எழுதினார். அடுத்த கட்டம் திறந்தது. அவர் முகம் வாடியது.

"நாப்பத்தஞ்சு வயசுத் தகப்பனா இருந்தா பட்டாளத்துல கட்டாய சேவை செஞ்சிருக்கணுமே. சான்று எங்க?"

"பொம்பளைங்களைப் பட்டாளத்துக்குக் கட்டாயமாக் கூப்பிடலையே!"

"பொம்பளைங்களைக் கூப்பிடல. தகப்பன்மாரைக் கூப்பிட்டாங்க. நீங்க போகலேன்னா விலக்குச் சான்று வாங்கிட்டு வாங்க."

சபேலா ஒரு நாள் கூலியை விட்டு மாகாணத் தலைநகருக்குப் பேருந்து ஏறினாள். பட்டாள ஆவணக் காப்பகத்தில் ஒரு வயதான ஹவில்தார் பட்டியலை எடுத்தார். "விலக்குக்கு நாலு காரணம்தான் இருக்கு. உயரம் குறைவு, பார்வை குறைவு, விதவைத் தாய்க்கு ஒரே மகன், தட்டைப் பாதம். நீங்க விதவைத் தாய்க்கு ஒரே மகனா?"

"எங்க அப்பா கல்லு மாதிரி இருக்காருங்க."

"அப்ப செருப்பைக் கழட்டுங்க."

மை தடவி, தாளில் காலைப் பதித்துப் பார்த்தார்கள். பாதம் சப்பை. 'மேற்படி நபர் தாய்நாட்டைக் காக்கத் தகுதியற்றவர்' என்று சான்று எழுதி, கையைக் குலுக்கி வாழ்த்தினார் ஹவில்தார்.

அந்தச் சான்றைப் போட்டதும் கம்ப்யூட்டருக்கு வேறொன்று உறைத்தது. தகப்பனுடைய அடையாள அட்டையில் பெண் என்று இருக்கிறது. இது குமாஸ்தா அளவில் தீர்க்கக்கூடிய விஷயம் அல்ல என்பதால், கோப்பு தலைமை அதிகாரி தோன்யா ஹெர்மிட்டாஸிடம் மேலே போனது. இதற்குள் ஐந்து வெள்ளிக்கிழமை போயிருந்தது. இரியாவின் போனிலிருந்து பிள்ளை பேசினாள்: "மம்மா, முன்பல்லு விழுந்துருச்சு. நீ பாக்கவேயில்ல."

தோன்யா ஹெர்மிட்டாஸ் அரவணைப்புப் பயிற்சிக்குப் போய்வந்தவர். மூன்று நாள், மலையடிவார ஹோட்டலில், சாப்பாட்டோடு. சட்டையில் வானவில் பொத்தான், காதில் வானவில் தோடு, கைக்குட்டை ஓரத்தில்கூட ஏழு வண்ணம். சபேலாவைக் கண்டதும் எழுந்து வந்து கட்டிக்கொண்டார்.

"எங்க ஆபீஸ் எல்லாரையும் அரவணைக்கும்மா."

"அப்ப என் பணத்தை வாங்கிக்குங்கம்மா."

"அரவணைப்பு வேற, வரவு வேற." மேஜையில் ஒரு படத்தை விரித்தார். "இதைப் பாருங்க. ஊர் பூரா ஒட்டப்போற போஸ்டர். நம்ம ஊர்ல இந்த மாதிரிக் குடும்பம் நீங்க மட்டும்தான். நீங்களும் இரியாவும் குழந்தையை நடுவுல வெச்சுச் சிரிக்கற மாதிரி ஒரு படம் வேணும்."

"நாங்க விவாகரத்து ஆனவங்கம்மா."

"அதைப் போஸ்டர்ல போட மாட்டோம், கவலைப்படாதீங்க."

"சரி, கட்டத்துக்கு என்ன வழி?"

"புது பாரம் அச்சாயிட்டு இருக்கு. கண்ணுல ஒத்திக்கலாம், அவ்வளவு அழகு. ஆனா அது சேர்ந்து வாழறவங்களுக்கு மட்டும். பிரிஞ்சவங்களையும் அதுல சேத்தா சமுதாயத்துக்குத் தப்பான செய்தி போயிடும்னு கமிட்டி நினைக்குது."

சபேலா நேராக என் கடைக்கு வந்தாள். இரியா அங்கே காபி குடித்துக்கொண்டிருந்தாள். விஷயத்தைக் கேட்டு அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"கேட்டீங்களா அக்கா? சேர்ந்து இருந்தப்ப கரண்டு பில்லைக் கட்டுடின்னா ரெண்டு மாசம் மறந்துட்டுத் திரிவா. இப்ப எனக்குப் பணம் கட்ட வரிசைல நிக்கறா!"

"உன் வாய்க்குப் பயந்துதான் கடலுக்கே போனேன்," என்றாள் சபேலா. சொல்லும்போதே குரல் உடைந்தது. இரியா சிரிப்பை நிறுத்திவிட்டுத் தன் ரொட்டியில் பாதியை அவள் பக்கம் தள்ளினாள்.

மணி பத்தரை. தோன் பௌலினோ காலைச் சிற்றுண்டிக்காகச் சட்டம் அனுமதித்த இருபது நிமிஷத்தைத் தொடங்க வந்தார். அது பதினொன்றே காலுக்கு முடியும். தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"உங்க கோப்பைப் பாத்தா எனக்கே தலை சுத்துதும்மா. பேசாம என்னைப் பாக்கிதாரர் ஜன்னலுக்கு மாத்தச் சொல்லணும். அங்க நிம்மதி. கட்டாதவங்க பேரு, அடையாள எண், அவ்வளவுதான்."

"அங்க தகப்பன் கட்டம் இல்லையா?" என்றாள் சபேலா.

"கட்ட வர்றவங்களைத்தான் யாரு என்னன்னு கேக்கணும். கட்டாதவங்களை அப்படிக் கேட்டுக்கிட்டு இருந்தா தப்பிச்சுருவாங்களே!"

சபேலா காபிக் கோப்பையைக் கீழே வைத்தாள். "இரியா, போய் என் மேல புகார் குடு."

"எதுக்கு?"

"பிள்ளைக்குப் பணம் கட்டலேன்னு."

"கட்டத்தானேடி நாயா அலையறே!"

"அலையறேன். கட்டலையே."

"ஒன்பது வருஷமா உன் மேல எங்கயாவது புகார் குடுக்கணும்னு ஆசை," என்று சொல்லிக்கொண்டே எழுந்தாள் இரியா. ரோட்டைத் தாண்டிப் போனவள், காபி ஆறுவதற்குள் திரும்பி வந்துவிட்டாள்.

எட்டாம் நாள் நோட்டீஸ் வந்தது. சபேலா கையெழுத்துப் போட்டு வாங்கி, என் கடை வாசலிலேயே பிரித்தாள்.

'சிறுமி ஆன்தியாவின் பெற்றோரும் சட்டப்படி பொறுப்புடையவருமாகிய தாங்கள், தங்களது தலையாய கடமையைப் புறக்கணித்துப் பாக்கி வைத்துள்ளமை கண்டறியப்பட்டு, இதன்மூலம் வன்மையாகக் கண்டிக்கப்படுகிறீர்கள்.'

மேலே அவள் பெயர், கீழே பிரிவின் இரண்டு சீல். 'பெற்றோரும்' என்ற இடத்தில் விரலை வைத்துக்கொண்டு அவள் குலுங்கிக் குலுங்கி அழுதாள். தபால்காரர் பதறிப்போனார். "அழாதீங்கம்மா, தவணை கேட்டா குடுப்பாங்க."

அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் இரியா, வக்கீல் முன்னிலையில், நோட்டீஸை வெளிச்சத்தில் பிடித்து அதன் சீல்களைச் சரிபார்த்துவிட்டுப் பிள்ளையை அனுப்பி வைத்தாள்.

இது ஊரில் ரகசியமாக நிற்குமா? மூன்று வருஷமாக உரிமம் கிடைக்காத ரொட்டிக்கடைக்காரர், உரிமமில்லாமல் ரொட்டி சுடுவதாகத் தன் மேலேயே மொட்டைக் கடுதாசி போட்டார். 'ரொட்டிக்கடை உரிமையாளராகிய தாங்கள்' என்று பத்தே நாளில் பதில் வந்தது. ஆபீஸ் பேரேட்டில் பேரே இல்லாத பென்ஷன்காரர், பென்ஷனை இரண்டு தடவை வாங்கியதாகத் தன் மேலேயே புகார் கொடுத்துக்கொண்டார். நானும்தான், கடை வாசலில் பந்தல் போட அனுமதி கிடைக்காததால். இன்றைக்கு எங்கள் ஊரில் ஆபீஸ் கணக்குப்படி ஒரு யோக்கியன் கிடையாது. புகார்கள் ஏறியதால் கண்காணிப்பு மேம்பட்டதாகப் பிரிவுக்குக் கேடயம் கொடுத்தார்கள். 'எங்கள் பாக்கிதாரர் பட்டியலில் எந்தப் பாகுபாடும் இல்லை' என்று தோன்யா ஹெர்மிட்டாஸ் மேடையில் பேசினார். நாங்கள் எல்லாரும் கைதட்டினோம். தட்டாதவர்கள் பெயரைக் குறித்துக்கொண்டார்கள், அவர்களுக்கும் நல்ல காலம்.

சபேலா பாக்கிதாரர் ஜன்னலுக்குப் பணத்தோடு போனபோது தோன் பௌலினோ ஓடிவந்து காதோரம் சொன்னார்: "பாத்தும்மா. முழுசாக் கட்டினீங்கன்னா பட்டியல்லேருந்து பேரு போயிடும். பேரு போனா நோட்டீஸும் செல்லாது. நோட்டீஸ் செல்லலேன்னா..."

அவர் வாசல் பக்கம் கண்ணைக் காட்டினார். ஆன்தியா ஆபீஸ் வாசலில் ஒற்றைக்காலில் குதித்து விளையாடிக்கொண்டிருந்தாள்.

சபேலா நோட்டுகளை ஜன்னலுக்குள் தள்ளினாள். இருநூற்று முப்பத்தொன்பது யூரோ.

"ஒண்ணு குறையுதே?" என்றான் உள்ளே இருந்தவன்.

"குறையட்டும். பாக்கின்னு நல்லா அழுத்தி எழுதுங்க."

பிறகு வெளியே வந்து, கையிலிருந்த அந்த ஒரு யூரோவுக்கு என் கடையில் சூரியகாந்தி விதைப் பொட்டலம் ஒன்று வாங்கி, பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, ஆபீஸ் வாசல்படியிலேயே இரண்டு பேருமாகக் கொறித்துத் தோலைத் துப்ப ஆரம்பித்தாள்.