நான் வாசலுக்கு, பாதம் ஜன்னலுக்கு

அன்புள்ள சின்ன மச்சானுக்கு,

உன் அத்தான் எழுதுவது. உன் அக்கா நலம். என்னைப் பற்றியும் அப்படியே எழுதக் கை வரவில்லை. நேற்று நடந்ததை நினைத்த கோபத்தில் எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

சர்க்கரை என் வலது காலை முழங்காலுக்குக் கீழே கொண்டுபோனதிலிருந்து, தையல்கடை முதலாளி என் வெட்டு மேஜையை யாருக்கும் கொடுக்காமல் வைத்திருக்கிறார். அடுத்த மாதம் பள்ளிக்கூடம் திறக்கிறது, சீருடை வேலை குவியும், அதற்குள் நின்று துணி வெட்ட முடிந்தால் வா, இல்லாவிட்டால் வேறு ஆள் என்று சொல்லிவிட்டார். அந்த மேஜையில் உட்கார்ந்து வெட்ட முடியாது. அதனால்தான் நீ சொன்ன செயற்கைக்கால் செய்யும் அம்மாவிடம் போனேன். கைராசிக்காரி என்றாயே, நன்றாயிருப்பாயா நீ?

முதல் நாள் மிச்சக்காலில் ஈர மாவுக்கட்டைச் சுற்றி அச்சு எடுத்தாள். நாலு பேர் வேடிக்கை பார்க்கிற அறை. சுற்றும்போதே, "ஐயா, தளர்வா விடுங்க, தளர்வா விடுங்க" என்று நச்சரிப்பு. அளவு விஷயத்தில் எனக்கே பாடமா? தொப்பையை எக்கிக்கொண்டு அளவு கொடுத்துவிட்டு, அப்புறம் பேன்ட் பிடிக்கிறது என்று சண்டைக்கு வருகிற எத்தனை பேரை நான் அதட்டி மூச்சு விட வைத்திருக்கிறேன்! சரி, அடுத்த தடவை போனால், அலமாரியில் என் கால் வெள்ளைவெளேரென்று தனியாக நிற்கிறது! தூக்கிவாரிப்போட்டது. அந்த அச்சில் மாவு ஊற்றி வார்த்ததாம்; அவள் பாட்டுக்கு அதை எடுத்து அரத்தால் ராவுகிறாள். "ஐயோ, என்னம்மா பண்றீங்க?" என்றேன். "அழுத்தம் தாங்குற இடத்துல சுரண்டுறேன், எலும்பு துருத்துற இடத்துல பூசுறேன்" என்கிறாள். "கொஞ்சம் லூசா விடுங்க, காத்தோட்டமா இருக்கட்டும்" என்றேன். "இது என்ன பைஜாமாவா? லூசா இருந்தா கால் உள்ள ஏறி இறங்கிப் புண்ணாயிடும்" என்றாள்.

நேற்று ட்ரையல். மிச்சக்காலை நுழைக்கிற கிண்ணம், அதுதான் சாக்கெட், கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக்கில் இருந்தது. மாட்டினேன், இருபுறமும் கம்பியைப் பிடித்தேன், ஓர் எட்டு வைத்தேன். தொளதொளவென்று உள்ளே இறங்கி நுனி நங்கென்று இடித்தது, உயிர் போய் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு இன்னோர் எட்டு. நான் வாசலைப் பார்த்து நடக்கிறேன், பாதம் ஜன்னலைப் பார்த்துத் திரும்பி நிற்கிறது! உன் அக்கா வீல் என்று கத்தினாள். அந்த அம்மா மிச்சக்காலில் ஒரு துணி உறை மாட்டினாள், அதன்மேல் இன்னொன்று, அதன்மேலும் ஒன்று. ஆட்டம் நிற்கவில்லை. "அச்சு எடுக்கும்போது கால் இவ்வளவு பெருசாவா இருந்தது?" என்று என்னையே கேட்கிறாள். எப்படியிருக்கிறது கதை! யார் காலை என் தலையில் கட்டினாளோ! மேஜை போய்விட்டால் நான் வீட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடக்க வேண்டியதுதான். உடனே காரசாரமாக ஒரு வக்கீல் நோட்டீசுக்கு ஏற்பாடு செய்.

உன் மனைவிக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு ஆசி. இருக்கிற கால்களை எல்லோரும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
பாதம் திரும்பிய அத்தான்

பி.கு.: இதைத் தபாலில் போடுமுன் உன் அக்கா வாங்கிப் படித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். "அந்தம்மா தளர்வா விடுங்கன்னு கெஞ்சினாங்க. நீங்க காலை முறுக்கி, மூச்சைப் பிடிச்சுக்கிட்டு, சேனாதிபதி மாதிரி உக்காந்திருந்தீங்க. நான் பாத்துக்கிட்டுத்தானே இருந்தேன்?" என்றாள். வாஸ்தவம்தான் மச்சான். நாலு பேர் முன்னால் மிச்சக்கால் வாடிப்போன சுரைக்காய் மாதிரி தொங்கியது. அவமானமாக இருந்தது. கொஞ்சம் ஜோராகத் தெரியட்டுமே என்று முறுக்கிப் புடைக்க வைத்துவிட்டேன். மறுநாளே போய், மூச்சை விட்டு, மறுபடி அச்சுக் கொடுத்தேன். அந்த அம்மா ஒரு வார்த்தை திட்டவில்லை. தங்கமான மனுஷி. நோட்டீஸ் கீட்டீஸ் எதுவும் வேண்டாம்; எழுதியதை வீணாக்க மனமில்லாமல்தான் கடிதத்தை அனுப்புகிறேன்.

பத்து நாளில் புதுக்கால் வந்தது; இன்று அதோடு வெட்டு மேஜை முன்னால் மத்தியானம்வரை நின்றேன். பாதம் நான் போகிற பக்கமே வருகிறது. முதலில் வந்தவர் தொப்பையை எக்கிக்கொண்டு நின்றார். அதட்டலாம் என்று வாயெடுத்தேன், வரவில்லை. அளவில் இரண்டு அங்குலம் சேர்த்து எழுதிக்கொண்டேன்.