தெருவே, அசையாதே!

நகரத் தெருவை வரையும் ஓவியர் என்று ஓர் இனம் உண்டு. நீங்கள் பார்த்ததில்லையா? உங்கள் தெருவுக்கு இன்னும் அந்தப் பாக்கியம் கிட்டவில்லை. பிலடெல்பியாவில் எங்கள் தெருவுக்குக் கிட்டியது. பெயர் எல்வுட் பிரைஸ்.

தெருவின் மேல் அவருக்கு அப்படியொரு காதல். ஆனால் தெரு அசையக் கூடாது. நடைபாதையில் பலகையை நிறுத்தி, தொப்பியைப் பின்னுக்குத் தள்ளி, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு அவர் நின்றுவிட்டால், எதிர்வீட்டு மாடியில் காயும் சிவப்புப் போர்வையை எடுக்கக் கூடாது, பால் வண்டி நகரக் கூடாது, குப்பைத்தொட்டி மேல் தூங்கும் பூனை விழிக்கக் கூடாது. பூனை ஒத்துழைத்தது.

ரொட்டிக்கடை ஸிக்மண்ட் ஒருநாள் கெஞ்சினார். "யோவ், கடையைச் சாத்தணும்யா. இன்னிக்கு என் பொண்ணுக்குக் கல்யாணம்!"

"கதவு நிழல் இன்னும் முடியல. கல்யாணத்தை நாளைக்கு வெச்சுக்க."

கடையைத் திறந்து போட்டுவிட்டுத்தான் ஸிக்மண்ட் தேவாலயத்துக்கு ஓடினார்.

பிரைஸின் படங்களில் போலீஸ்காரர் உண்டு, பூனை உண்டு, கடன்காரர்கள்கூட உண்டு. மனைவி லவீனியா மட்டும் இல்லை. அந்த அம்மாள் ஒருநாள் கேட்டே விட்டார்.

"நான் எங்கே?"

"ஜன்னலுக்குப் பின்னாடி இருக்க."

"ஜன்னல் மூடியிருக்கே!"

"குளிர்காலம்ல?"

மறுநாள் காலை பெட்டியோடு தெருவில் இறங்கினார் லவீனியா. நாங்கள் எல்லோரும் மாடி ஜன்னல்கள் வழியே தலையை நீட்டினோம்.

"நான் அக்கா வீட்டுக்குப் போறேன், எல்வுட். இனி வரமாட்டேன்."

பிரைஸின் முகம் மலர்ந்தது. "ஆகா, அப்படியே நில்லு! பெட்டியை இடது கைக்கு மாத்து!"

மாற்றினார். எத்தனை வருடத்துப் பழக்கம்!

"கொஞ்சம் சோகமா நில்லேன்."

"சோகமாத்தான்யா நிக்கறேன்!"

"தெரியலையே!"

அதற்குள் நடுவே பேருந்து வந்து நின்றது. "டேய், வண்டியை எடுடா, மறைக்குது!" என்று கத்தினார் பிரைஸ். ஓட்டுநரும் பேச்சைத் தட்டாமல் வண்டியை எடுத்தார். பேருந்து நகர்ந்ததும் பார்த்தால், அங்கே யாரும் இல்லை.

பிரைஸ் தூரிகையை ஓங்கியபடியே நின்றார். "இன்னும் முகம் வரையலையே..." என்றார், யாரிடமோ. பிறகு பாதி வரைந்த மனைவியின் மேலேயே அந்தப் பேருந்தை வரைந்து முடித்தார்.

படத்துக்குப் பரிசு கிடைத்தது. நகரத்தின் தனிமையைப் பிடித்துவிட்டார் என்றார்கள் அறிஞர்கள். பிரைஸோ பார்க்க வந்தவர்களையெல்லாம் இழுத்து நிறுத்தி, "என் மனைவி இதுக்குள்ளே இருக்கா" என்று பேருந்தைத் தொட்டுக் காட்டினார். கூட்டம் கலைந்தபின் என்னிடம் தணிந்த குரலில் கேட்டார்: "நீ மேலேருந்து பாத்தியே, எந்தப் பக்கம் உட்கார்ந்தா?"

"இடமே இல்ல. நின்னுக்கிட்டுத்தான் போனாங்க."

அன்று முழுக்க அவர் ஒரு கோடுகூடப் போடவில்லை.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். போன பிறந்தநாளில் உங்கள் பிள்ளை மெழுகுவத்தியை ஊதியதும், "இரு இரு, படம் சரியா விழல, மறுபடி ஏத்தி ஊது" என்றது யார்? ஊதியபோது பிள்ளையின் முகம் எப்படி இருந்தது, சொல்லுங்கள் பார்ப்போம்.

ம்ஹூம். கைப்பேசியை எடுக்காமல் சொல்ல வேண்டும்.