பட்டா அண்ணாச்சி வாங்கிக் கொடுத்த விவாகரத்துகள்

கோவில்பட்டி வட்டாரத்தில் பட்டா அண்ணாச்சி அளவுக்கு விவாகரத்து வாங்கிக் கொடுத்தவர் ஒருவரும் கிடையாது. அதில் ஒன்றுகூடச் செல்லாது என்பது வேறு விஷயம்.

தொழிலில் அவர் நிலத்தரகர். கரிசல் காட்டை வாங்குகிறவர், விற்கிறவர், வரப்புத் தகராறில் மண்டையை உடைத்துக்கொண்டவர் எல்லோருக்கும் அவர்தான் கதி. நான் வக்கீல். என் ஆபீஸ் மாடியில். அண்ணாச்சி உட்காருவது அதற்கு ஏறும் படிக்கட்டில். நாட்டில் இருப்பது ஒரே சட்டம், அது நிலச் சட்டம் என்பது அவருடைய அசைக்க முடியாத நம்பிக்கை. புருஷன் பெண்டாட்டி தகராறோடு என்னைத் தேடி வருகிறவர்களில் பாதிப் பேர் படிக்கட்டிலேயே தீர்ப்பு வாங்கிக்கொண்டு திரும்பிவிடுவார்கள். எனக்கு வயிறு எரியும்.

எப்போதும்வென்றான் என்ற ஊரிலிருந்து ஒருவர் வந்தார். முத்திரைத்தாளில் எழுதி, புருஷனும் பெண்டாட்டியும் கையெழுத்துப் போட்டு, இரண்டு சாட்சி வைத்தால் கல்யாணம் தீர்ந்தது என்று அண்ணாச்சி சொல்லி, கையோடு எழுதியும் கொடுத்திருந்தார். அந்த ஆள் அடுத்த பெண்ணைப் பார்த்து நிச்சயமும் பண்ணிவிட்டு, எதற்கும் ஒரு வக்கீலிடம் காட்டிவிடுவோம் என்று மாடி ஏறினார். வாங்கிப் படித்தேன். ‘மேற்படி மனைவியின் பேரில் யாதொரு வில்லங்கமும் இல்லை, பின்னிட்டு ஏற்பட்டால் நானே முன்னின்று தீர்த்துக் கொடுப்பேன்’ என்று இருந்தது. நான்கு எல்லை எழுதாததுதான் பாக்கி. கோர்ட்டுத் தீர்ப்பு இல்லாமல் இன்னொரு தாலி கட்டினால் ஜெயில்தான் என்றேன். மனிதர் ஒரு சொம்புத் தண்ணீரையும் ஒரே மூச்சில் குடித்தார்.

இன்னொருவர் தீப்பெட்டி ஆபீஸ் கணக்குப்பிள்ளை. அவர் மனைவி விவாகரத்து கேட்டு வழக்குப் போட்டிருந்தார். கூட்டுப் பட்டாவில் ஒரு ஆள் கையெழுத்துப் போடாவிட்டால் கிரயம் ஆகுமா, அதே மாதிரிதான் இதுவும், சம்மனை மட்டும் கையில் வாங்கிவிடாதீர்கள் என்று அண்ணாச்சி யோசனை சொன்னார். அதன்பிறகு கோர்ட்டு அமீனா தெருவில் தலையைக் காட்டினாலே கணக்குப்பிள்ளை ஆட்டுத் தொழுவத்துக்குள் புகுந்துகொள்வார். கோர்ட்டு எத்தனை நாள்தான் பார்க்கும்? அவர் இல்லாமலே வழக்கை முடித்துவிட்டது. தொழுவத்துக்குள் குடும்பஸ்தராகப் போனவர் தனிக்கட்டையாக வெளியே வந்தார்.

இறங்கிப் போய்ச் சண்டை பிடித்தேன். அண்ணாச்சி அசரவில்லை.

“காட்டுக்கு ஒரு சட்டம், வீட்டுக்கு ஒரு சட்டம்னா சனங்க எதத்தான் தாயி ஞாபகம் வச்சிக்கிடும்?” என்றார்.

போன புரட்டாசியில் மொபெட்டிலிருந்து விழுந்து அவருக்குக் காலில் மாவுக்கட்டு. வீட்டில் படுத்துக் கிடக்க வேண்டியவர், ஆட்டோவில் வந்து இறங்கி, கீழே நின்றே என்னைக் கூப்பிட்டார். புதூர் பக்கம் ஒரு கிராமத்துக்கு அன்றைக்கே என் காரில் கொண்டுபோய் விட வேண்டுமாம்.

“நாளையோட வருசம் முடியுது தாயி. இன்னைக்குப் போகலன்னா என் கல்யாணம் அத்துப் போயிரும்.”

அவருக்குப் பெண்டாட்டி இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும். போகிற வழியில் விவரம் சொன்னார். குழம்பில் உப்புக் கூடினால்கூட நோட்டீஸ் விடுவேன் என்று இவர் மிரட்டப்போய், அந்த அம்மாள் வெறுத்துப்போய்ச் சொந்த ஊரான அந்தக் கிராமத்துக்கே திரும்பி, ஆடு வளர்த்துப் பிழைக்கிறார். எங்கள் பக்கம் கரிசலைத் தரிசாகப் போட்டால் பக்கத்துக் காட்டுக்காரன் தன் அனுபவத்தில் இருக்கிறது என்று உரிமை பேசுவான் என்று, விதைக்காவிட்டாலும் வருஷத்துக்கு ஒரு சால் உழுதுபோடுவார்கள். கல்யாணத்துக்கும் அதேதான் என்பது அண்ணாச்சியின் முடிவு. ஒரு வருஷம் முழுசாகப் பிரிந்திருந்தால் தாலி தானாக ரத்தாகிவிடுமாம். அதனால் வருஷம் திரும்புவதற்குள் போய், பெண்டாட்டி கையால் ஒரு வேளை சாப்பிட்டுவிட்டு வந்துவிடுவாராம். சட்டத்துக்காகத்தான் வாரேன், வேற ஒண்ணும் இல்ல என்று அந்த அம்மாளிடமும் சொல்லி வைத்திருக்கிறார்.

எத்தனை வருஷம் பிரிந்திருந்தாலும் கல்யாணம் தானாக அறாது, ஒருவர் கோர்ட்டில் கேட்டு, கோர்ட்டு தீர்த்துவைத்தால்தான் உண்டு என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் சலவைச் சட்டையும் மடியில் கடலை மிட்டாய்ப் பொட்டலமுமாக அவர் உட்கார்ந்திருந்த கோலத்தைப் பார்த்ததும், திரும்பி வரும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

அந்த அம்மாள் வாசலிலேயே நின்றார். மாவுக்கட்டைப் பார்த்ததும் முகம் வாடிவிட்டது. சாட்சிக்கு வக்கீலையே கூட்டி வந்திருப்பதாக அண்ணாச்சி பெருமையடித்துக்கொண்டார். உள்ளே உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும் தயாராக இருந்தன. அவர் கை கழுவ நொண்டிக்கொண்டே பின்பக்கம் போனதும் அந்த அம்மாள் என் பக்கம் குனிந்தார்.

“அப்படி ஒரு சட்டம் கிடையாதுன்னு எனக்குத் தெரியும் வக்கீலம்மா. நாலு இடத்துல விசாரிச்சிட்டேன். நீங்க இவியகிட்ட சொல்லிராதீக. வீம்பு புடிச்ச மனுசன், சட்டம் இல்லன்னு தெரிஞ்சா வர மாட்டாவ.”

அண்ணாச்சி வந்து இலையில் உட்கார்ந்தார். அந்த அம்மாள் சோற்றைப் போட்டபடி, தலை நிமிராமல் சொன்னார்.

“இனிமே வருசக் கணக்கு கிடையாதாம்லா. சட்டத்த மாத்திட்டாகளாம். மாசத்துக்கு ஒருக்க வந்து சாப்பிடணுமாம்.”

அண்ணாச்சியின் கை இலையிலேயே நின்றுவிட்டது. என்னைப் பார்த்தார். “அப்படியா தாயி?”

“ஆமா அண்ணாச்சி. ஒரு மாசம் விட்டாலும் போச்சு” என்றேன்.

மாதம் தவறாமல் போய்க்கொண்டிருந்தவர், பொங்கலுக்குப் போய் இன்னும் திரும்பவில்லை. அந்த ஊர் ஆட்டுக்காரர்களுக்கு விவாகரத்துச் சட்டம் சொல்லிக்கொண்டிருப்பதாகவும், பெண்டாட்டி பக்கத்தில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருப்பதாகவும் கேள்வி. இப்போது என் கட்சிக்காரர்கள் நேராக மாடிக்கு வந்துவிடுகிறார்கள். நல்லதுதான். ஆனாலும் காலையில் ஆபீசுக்கு வந்தால் எனக்கு அவரைத் தேடுகிறது.