கண்ணாடி ஜாடியில் ஆட்டுக்கறி

இனி என் வீட்டில் கறி வேகும், அதற்காக ஓர் ஆடும் சாகாது என்று அன்று முடிவெடுத்தேன்.

என் நெஞ்சைச் சோதித்த டாக்டர் கறியை நிறுத்தச் சொன்னதிலிருந்து, கறிக்கடை இருக்கும் தெரு வழியாகக்கூட மனைவி என்னை விடுவதில்லை. "எனக்கு நீங்க வேணுங்க" என்று கண்ணைத் துடைப்பாள். எனக்குக் கறி வேண்டும்.

நான் ஃபிரிட்ஜ் மெக்கானிக். உயிரணுவிலிருந்து இறைச்சி வளர்க்கும் ஆய்வுக்கூடத்தில் ஒரு குளிர்பெட்டியைச் சரிசெய்தேன். அங்கிருந்த பெண் சந்தோஷத்தில் ஒரு ஜாடியைக் கொடுத்தாள். ஆட்டின் உடம்பிலிருந்து துளியூண்டு கிள்ளியெடுத்ததாம். சூடும் சத்துநீரும் கொடுத்தால் கறியாகுமாம். ஆடு எங்கோ சௌக்கியமாக மேய்கிறதாம்.

"டாக்டர் ஆட்டைத்தானே வேண்டாம்னார்? இது ஜாடி" என்றேன் மனைவியிடம்.

சண்டைக்குத் தயாராக நின்றேன். அவள் ஜாடிக்குள் எட்டிப் பார்த்தாள்.

"ஏங்க, இருட்டுல தனியா பயந்துக்காதா?"

"சதைக்கு ஏதுடி பயம்?"

"இருந்தாலும் சின்னதா ஒரு பல்பு போடுங்களேன்."

பழைய ஃபிரிட்ஜ் ஒன்றைக் கதகதப்புப் பெட்டியாக மாற்றினேன். மஞ்சள் பல்பு போட்டேன். ஜாடியை மெல்ல ஆட்டினால்தான் நார் பிடிக்குமாம். ஆட்டினேன். உள்ளே சாயங்கால மேகம் மாதிரி இளஞ்சிவப்பாய் ஒன்று மிதந்தது. பார்க்கப் பார்க்கக் கண் சொக்கியது. எங்கும் பச்சை வெளி. ஆடு ஒன்று ஈரத்தை உதறுவது போல உடம்பை உதறுகிறது. ஒரு துண்டு என் தட்டில் பொத்தென்று விழுகிறது. ஆடு மறுபடி மேயப் போகிறது. கறிக்கடைக்காரர் மரத்தடியில் குறட்டை விடுகிறார். நானும்.

"புள்ள சாப்டுச்சா?" என்று எழுப்பினாள் மனைவி.

"புள்ளையா? கறிடி!"

"சரி, கறி. மூக்கு அப்படியே உங்களுது."

"அதுக்கு மூக்கே இல்லையே!"

"வந்தா உங்க மூக்குதான் வரும்."

பழைய ஸ்வெட்டரை வெட்டி ஜாடிக்கு உறை தைத்தாள். "பக்கத்துல நின்னு தும்மாதீங்க" என்றாள். தெருவுக்குப் போய்த் தும்மிவிட்டு வந்தேன். வேலையிடத்திலிருந்து போன் போட்டு, "முழிச்சிருக்கா?" என்று விசாரித்தேன். ஆமாம், நான்தான்.

ஒருநாள் அது உள்ளங்கை அளவு ஆனது. அவளே வாணலியை ஏற்றினாள். எண்ணெய் ஊற்றினாள். கத்தியை என்னிடம் நீட்டினாள்.

"நீங்களே வெட்டுங்க. வளர்த்த கை."

கத்தியை வாங்கி, ஜாடிக்குத் தெரியாமல் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டேன்.

"இன்னும் கொஞ்சம் வளரட்டுமே."

"எண்ணெய் காயுதுங்க!"

"மெதுவாப் பேசுடி. இப்பதான் தூங்குச்சு."

அவள் அடுப்பை அணைத்தாள். எனக்குத் தட்டு வைத்தாள். மேடை ஓரமாக மூடியிருந்த பாத்திரத்தைத் திறந்தாள்.

சுரைக்காய். இரண்டு பேருக்கு அளவாக, காலையிலேயே வெந்து ஆறிப்போயிருந்தது.