ஏரிக்கரை நாற்காலி

எதிர்க்கரை மலை பாதி மேகத்துக்குள் இருந்தது. மலை நகர்கிறதா, மேகம் நகர்கிறதா, இல்லை தான்தான் நாற்காலியோடு நகர்கிறோமா என்று தர்மாம்பாளுக்குப் பிடிபடவில்லை. பிடிபடாமலே இருக்கட்டும் என்றிருந்தது. கண் மெல்லச் சொருகிய நேரத்தில் மூக்குக்குக் கீழே வெங்காய பஜ்ஜி மணத்தது.

"மேடம், கரம் கரம் பஜ்ஜி."

"நான் கேக்கலையேப்பா."

"எல்லாம் இன்க்ளூடட் மேடம்." பரிமாறுகிற ஜெபமணி அவள் மணிக்கட்டில் கட்டியிருந்த மஞ்சள் பட்டையைக் காட்டினார். புனேயின் கட்கிப் பக்கம் பிறந்து வளர்ந்த தமிழர். சிரித்த முகம். அவரைக் கோபித்துக்கொள்ளவும் முடியவில்லை.

"கொண்டுவந்ததைத் திருப்பி அனுப்பினா அவர் மனசு கஷ்டப்படும்" என்று சொல்லிக்கொண்டே அவள் கணவர் விச்சு தட்டை வாங்கிக்கொண்டார்.

சிஞ்ச்வட் கம்பெனியிலிருந்து ஓய்வு பெற்ற மறு மாதமே விச்சுவுக்குச் சர்க்கரை என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து நிக்டி வீட்டில் வாணலிக்கும் ஓய்வு. வேகவைத்த புடலங்காயும் காய்ந்த ஃபுல்காவும்தான். வந்த இடத்தில் என்ன கண்டிப்பு, தட்டு போனால் போதும் என்று தர்மாம்பாள் விட்டுவிட்டாள்.

ஹிஞ்சேவாடியில் வேலை பார்க்கும் பிள்ளை கௌஷிக்தான் முல்ஷி ஏரிக்கரையில் இருந்த இந்த ரிசார்ட்டுக்கு அனுப்பியிருந்தான். அறை, சாப்பாடு, படகு எல்லாவற்றுக்கும் சேர்த்து முன்கூட்டியே கட்டியாயிற்று. "பிடிச்சிருந்தா சொல்லும்மா, வருஷா வருஷம் போற மாதிரி மெம்பர்ஷிப் எடுத்துடறேன். ஞாயித்துக்கிழமை வரைக்கும்தான் ஆஃபர்" என்றிருந்தான்.

கல்யாணமான நாள் முதல், 'இன்னிக்கு என்ன சமையல்?' என்று யாரும் கேட்காத ஓர் இடத்தில் தர்மாம்பாள் உட்கார்ந்ததில்லை. இந்த நாவல் மரத்தடிப் பிரம்பு நாற்காலியைப் பார்த்ததுமே மனசு அதில் போய் உட்கார்ந்துவிட்டது. வருஷத்தில் சில நாள் இது தனக்கென்று இருந்தால், மிச்ச நாளையெல்லாம் அடுப்படியில் தள்ளிவிடலாம்.

நாற்காலி பறிபோகாமல் பார்த்துக்கொள்வதை விச்சு ஏற்றுக்கொண்டிருந்தார். "நீ மெதுவா வா தர்மா. நான் போய்த் துண்டு போட்டு இடம் பிடிச்சு வெக்கறேன்." கம்பெனி பஸ்ஸிலும் சென்னை ரயிலிலும் ஆயுசு முழுக்கத் துண்டு போட்ட கை. ஒருநாளும் அவள் நின்றுகொண்டு போனதில்லை.

மறுநாள் காலை. ஏரியின்மேல் பனி, பால் பொங்குகிற மாதிரி எழும்பி எழும்பி அடங்கியது. தர்மாம்பாள் அதற்குள் பாதி கரைந்திருந்தாள். உப்புமா வந்தது. அவள் ஒரு தந்திரம் செய்தாள்.

"எனக்கு இன்னிக்கு உப்வாஸ்."

ஜெபமணியின் முகம் மலர்ந்தது. "மொதல்லயே சொல்லக் கூடாதா மேடம்?"

இந்த ஊரில் உபவாசம் என்றால் அன்றைக்குத்தான் அடுப்புக்கு வேலை அதிகம் என்பது, இத்தனை வருஷம் புனேயில் இருந்தும், அவசரத்தில் அவளுக்கு மறந்துபோயிற்று. ஜவ்வரிசிக் கிச்சடி வந்தது. ஜவ்வரிசி வடை வந்தது. சர்க்கரைவள்ளிக்கிழங்கு வறுவலும் வேர்க்கடலைக் குழம்பும் ராஜ்கீரா என்கிற கீரைவிதை லட்டுவும் வந்தன.

"உனக்கோசரம் நானும் விரதம் இருக்கேன்" என்று விச்சு வடையை எடுத்தார்.

"ஏன்னா, அதோ அந்தப் புல்தரையில பாருங்கோ. அந்தப் பொண்ணும் புருஷனும் காலம்பரலேர்ந்து உக்காந்திருக்கா. ஒரு ஈ காக்கா கிட்ட போகல. நம்மகிட்ட மட்டும் ஏன் இப்படி?"

விச்சு கொஞ்சம் யோசித்தார். "அவா பழைய மெம்பரா இருப்பா. மெம்பராயிட்டா தொந்தரவு பண்ண மாட்டா போல. எடுத்துடலாம்ங்கறேன்."

"இந்த எடமே ஆகல. வேற பக்கம் நகந்துக்கலாம்."

"வேண்டாம் வேண்டாம். பக்கத்து நாற்காலியையும் நாமளே பிடிச்சுண்டா யாரும் இந்தப் பக்கம் வரமாட்டா." சொல்லிவிட்டு அறைக்குப் போய் இன்னொரு துண்டையும் எடுத்துவந்து போட்டார்.

அதற்கப்புறம் தட்டுகள் இரண்டு இரண்டாக வந்தன.

தலைவலி என்று சொல்லிப் பார்த்தாள். இஞ்சி டீயும், தொட்டுக்கொள்ளச் சமோசாவும் வந்தன. தூங்குகிற மாதிரி பாசாங்கு செய்தாள். ஜெபமணி ஓசைப்படாமல் தட்டை மடிமேல் வைத்துவிட்டுப் போனார். பிறகு நிஜமாகவே தூங்கிப்போனாள். கனவில் ஏரி முழுக்கத் தேங்காய்ச் சட்னி. அதன் நடுவே நாற்காலி மிதந்துகொண்டே தள்ளிப் போனது. கரையில் நின்று அவள் கையை நீட்டினாள். கையில் யாரோ கரண்டியைக் கொடுத்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை கிளம்புகிற நேரத்தில் கௌஷிக் செல்லில் கூப்பிட்டான். "என்னம்மா, எடுத்துடட்டுமா?"

"நல்லது நிறைய இருக்குடா. அடுப்பு கிடையாது, பாத்திரம் கிடையாது, விரிச்ச படுக்கை. அந்த ஏரி..." அவள் ஏரிப் பக்கம் திரும்பினாள். "அந்த ஏரியைப் பாத்துண்டே இருந்தா நான் யாரோட அம்மா, யாரோட ஆம்படையாள்ங்கறதே மறந்துபோறது."

"அப்பறம் என்ன?"

"சேந்தாப்பல ரெண்டு நிமிஷம் மறக்க விட மாட்டேங்கறாளே. கனவுல கூடச் சட்னி கொண்டுவரா."

வாயில் கடைசி வடையோடு நின்றிருந்த விச்சு, 'சரின்னு சொல்லு, சரின்னு சொல்லு' என்று இரண்டு கையாலும் ஜாடை காட்டினார். தர்மாம்பாள் நாவல் மரத்தடியை ஒருதரம் பார்த்தாள். நாற்காலி காலியாக இருந்தது. மேகம் ஒன்று தாழ இறங்கி வந்து அதைத் தொடுகிற மாதிரி நின்றது.

"வேண்டாம்டா. யாராவது ஏதாவது கேட்டுண்டே இருக்கறதுக்கு நிக்டியே போதும்."

பெட்டியைக் காரில் வைத்துவிட்டு ஜெபமணி கேட்டார்: "எடம் பிடிச்சுதா மேடம்? திரும்ப வரணும்."

"ஏரி பிடிச்சுது. உக்காந்தா தட்டு, கண்ணை மூடினா தட்டுன்னு கொண்டுவந்தீங்களே, அதான் ஆகல. இனிமே வரப்போறதில்ல."

ஜெபமணி விழித்தார். விச்சு அவசரமாகக் கார்க் கதவைத் திறந்தார். "மழை வரது தர்மா, ஏறு, சீக்கிரம் ஏறு."

"இங்க அதானே மேடம் ரூல்?" என்றார் ஜெபமணி. "நாற்காலியில துண்டு போட்டா திங்க ஏதாவது வேணும்னு அர்த்தம், போடலேன்னா இருட்டுற வரைக்கும் ஒருத்தரும் கிட்ட வர மாட்டோம். மொத நாளே சாருக்குச் சொன்னேனே."