கருப்பிக்கு மட்டும் சத்துப்பொடி

தராசு முள் பதினான்கு கிலோவைத் தாண்டிக் கொஞ்சம் நகர்ந்து நின்றுவிட்டது. பழைய சேலைத் தூளிக்குள் நான்கு காலையும் வெளியே நீட்டிக்கொண்டு, கருப்பி என்ற ஆட்டுக்குட்டி வேப்பங்கிளையில் தொங்கியது.

"பதினாலு இருநூறு" என்றான் ஜீவானந்தம்.

"போன ஞாயித்துக்கெழம?" என்று கேட்டாள் அவன் மனைவி சின்னப்பொண்ணு.

"பதினாலு."

"செவலை?"

அடுத்த குட்டியான செவலையை முன்பே நிறுத்து எழுதியிருந்தான். நோட்டைத் திருப்பிக் காட்டினான். பதினான்கு எழுநூறு.

"பொடி யாருக்குப் போட்டீங்க?"

"கருப்பிக்கு."

"செவலைக்கு?"

"வெறும் தவுடுதான்."

"அப்போ தவுட்டத்தான் பொடின்னு விக்கணும் போல கீது."

ஜீவானந்தம் ஒரகடத்தில் பிரேக் பாகங்கள் செய்யும் கம்பெனியில் தரச்சோதனைப் பிரிவில் இருக்கிறான். அங்கே புதிதாக எதை மாற்றினாலும் ட்ரையல் பார்க்காமல் விடமாட்டார்கள். ஒரே மாதிரி இரண்டு பீஸ் எடுத்து, ஒன்றைப் புது முறையிலும் இன்னொன்றைப் பழைய முறையிலும் செய்து, இரண்டையும் பக்கத்தில் வைத்து அளக்க வேண்டும். வீட்டிலும் அப்படியே செய்தான். ஒரே வாரத்தில் பிறந்து ஒரே எடையில் இருந்த இரண்டு குட்டிகள்; தாய் செத்துப்போயிருந்தாலும் செவலை எடையில் குறையவில்லை. கருப்பி புது முறை, செவலை பழைய முறை.

பொடியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆட்டுக்குத் தீனி போடுகிறோம் என்பது பாதிதான் உண்மை. ஆட்டின் முதல் இரைப்பை ஒரு மாவுப் பானை மாதிரி. உள்ளே கண்ணுக்குத் தெரியாத கோடி உயிர்கள் இருந்து தழையைப் புளிக்க வைக்கின்றன; அவை புளிக்க வைத்ததில்தான் ஆடு வளர்கிறது. ஆகவே முதலில் அவற்றுக்குச் சாப்பாடு போட வேண்டும். காய்ந்த முருங்கையிலையும், தொட்டியில் வளர்த்து உலர்த்திய அசோலாப் பாசியும் புரதத்துக்கு. கொஞ்சம் வெல்லம் சுறுசுறுப்புக்கு. கல்லுப்பும் சீரகமும் பசிக்கு. எல்லாம் நிழலில் காய வைத்து இடித்தது. அவசரப்பட்டு ஒரே நாளில் கொட்டாமல், சிட்டிகை சிட்டிகையாகக் கூட்டித்தான் பழக்கினான்.

நான்காம் ஞாயிறு, சேரப்பணஞ்சேரி மகளிர் குழு கூடி முடிவெடுக்கும். குழுவில் இருப்பவர்களிடம் மொத்தம் அறுபது ஆடுகள். பொடி தேறினால் அரைக்கும் மெஷின் வாங்கி அதைச் சின்னப்பொண்ணு பொறுப்பில் விடுவார்கள். ஆறு வருஷமாகக் கம்பெனி கேன்டீனில் சாப்பாட்டுத் தட்டு கழுவிக் கழுவி அவள் விரலெல்லாம் வெள்ளையாக ஊறிப்போயிருந்தது. வேலையை விடுகிறேன் என்று எழுதிய கடிதம் அவள் கைப்பையில் தயாராக இருந்தது. தேதி மட்டும் போடவில்லை.

"நம்பி எழுதிட்டேன். கவுத்துடாதீங்க" என்றாள்.

"முருங்கை பத்தல. டபுள் பண்றேன்."

தினமும் விடியலில் நீலப் பேசினில் பொடி கலந்த தவிடு, சிவப்புப் பேசினில் வெறும் தவிடு. நீலத்தைக் கருப்பியின் முளையருகிலும் சிவப்பைச் செவலையின் முளையருகிலும் வைப்பான். உடனே அவன் ஷிப்ட் பஸ்ஸைப் பிடிக்க ஓட வேண்டும், அவள் கேன்டீன் வேனைப் பிடிக்க ஓட வேண்டும். அதன்பிறகு பக்கத்து வீட்டு லூர்தம்மாள் வந்து புழுக்கை கூட்டி, குட்டிகளைக் கொட்டிலிலிருந்து அவிழ்த்து வந்து அததன் முளையில் கட்டி, தீனி தின்னவிட்டு மேய ஓட்டிப் போவாள்.

இரண்டாம் ஞாயிறு: கருப்பி பதினான்கு முந்நூறு. செவலை பதினைந்தரை.

"அக்கா, நீலப் பேசின்ல இருக்கறது மிச்சமாவுதா?"

"எங்க மிச்சமாவுது? பேசினையே நக்கிடுது, தம்பி."

"பூச்சிதான்" என்று முடிவு கட்டினான் ஜீவானந்தம். குடலில் பூச்சி இருந்தால் போடும் சத்தெல்லாம் அதற்குத்தானே போகும்? வேப்பங்கொழுந்தும் பூண்டும் அரைத்து நீலப் பேசினில் சேர்த்தான்.

மூன்றாம் ஞாயிறு கருப்பி பதினான்கரையில் நின்றது. செவலை பதினாறு நானூறு. போதாக்குறைக்கு அதன் முடி எண்ணெய் தடவியதுபோல் மின்னியது.

"நீங்க ஒண்ணுக்குச் செஞ்சா இன்னொண்ணு ஊதுது" என்றாள் சின்னப்பொண்ணு. "நீங்க கருப்பியப் பாக்காம இருந்தாலே அது பொழைச்சுக்கும்."

பஸ்ஸில் பக்கத்து சீட்டு மணிகண்டபிரபு தென்காசிக்காரன். விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சொன்னான்: "அண்ணே, செவலை மேய்ச்சல்ல கூடத் திங்கும் போல. ரெண்டும் சமமா இருந்தாத்தான ட்ரையலு? அதுக்குத் தவிட்டப் பாதியாக் கொறச்சுப் பாருங்க."

நியாயமாகப் பட்டது. சிவப்புப் பேசின் அரைப் பேசினாயிற்று.

நான்காம் ஞாயிறு, கருப்பி அரைக் கிலோ இளைத்திருந்தது. செவலைக்கு அந்தப் பழைய தூளி போதவில்லை.

அங்கன்வாடி வாசலில் குழு கூடியது. தலைவி தென்றல் இரண்டு குட்டிகளையும் சுற்றி வந்து பார்த்தாள்.

"இந்தக் கருப்புக் குட்டி சோறே இல்லாத வூட்டுக் குட்டியாட்டம் கீதே! ஏண்ணே, செவலைக்கு இன்னா போட்டீங்க? அத்தச் சொல்லுங்க, நாங்களும் போடறோம்."

சின்னப்பொண்ணு கணவனைப் பார்த்தாள். ஒரு பொய் சொன்னால் போதும். ஆனால் பதினோரு வருஷத்தில் தேறாத பீஸ் ஒன்றைக்கூட லைனில் விட்டவனில்லை ஜீவானந்தம்.

"ஒண்ணும் போடல. அரைப் பேசின் வெறும் தவுடு. பொடி தின்னது கருப்பி."

கூட்டம் கொஞ்ச நேரம் சிரித்தது. பிறகு தீர்மானம் எழுதியது: இனி அறுபது ஆடுகளுக்கும் தலைக்கு அரைப் பேசின் வெறும் தவிடு, பொடி கூடவே கூடாது.

அன்று மாலை ஜீவானந்தம் மிச்சமிருந்த பொடி முழுவதையும் எருக்குழியில் கொட்டித் தண்ணீர் ஊற்றினான். சின்னப்பொண்ணு கடிதத்தை நான்காகக் கிழித்து அதன்மேல் போட்டாள்.

திங்கட்கிழமை காலை கேன்டீன் வேன் அவளை ஏற்றிக்கொண்டு படப்பை ரோட்டில் திரும்பியது. தீர்மானப்படி இரண்டு பேசினிலும் பாதிப் பாதி தவிட்டைப் போட்டு வைத்தான், அன்று லீவில் இருந்த ஜீவானந்தம். துடைப்பத்தோடு வந்த லூர்தம்மாள் குனிந்து பார்த்தாள்.

"இன்னா தம்பி, நீலத்துலயும் வெறும் தவுடு கீது?"

"அந்தப் பொடி வேலைக்காவாதுக்கா. எல்லாத்தையும் கொட்டிட்டேன்."

லூர்தம்மாள் துடைப்பத்தைக் கீழே போட்டாள்.

"அடப்பாவி! தாயில்லாத செவலைக்கு வெறும் தவுட்ட வெச்சிட்டுக் கருப்பியாண்ட பொடிய வெக்கிறியே, ஓ.டி. பாத்த அசதியில புள்ள மாத்தி வெச்சிட்டு ஓடுது போலன்னு, ஒரு மாசமாத் தெனமும் நான்தானே அந்த ரெண்டு பேசினையும் சரியா மாத்தி வெச்சிகினு வரேன்!"